கிளறிய மண்ணின் நிறம்

வட இலங்கையின் முகமாலையில் மிதிவெடி எடுக்கும் வேலையில் ஏழு வருசம் முழங்காலில் நின்றவள் நான். உலோகம் தேடும் மெசின் கத்தினால் கையை நிறுத்தி, பக்கவாட்டில் இருந்து மண்ணை மெல்ல மெல்லச் சுரண்ட வேண்டும். அனேகமாக வருவது செல் துண்டு, ஆணி, ரவைக் கோது. மெசினுக்கு உலோகம் தெரியும், வெடிமருந்து தெரியாது.

ஒருநாள், சிவப்புத் தடிகளுக்கு அப்பால், நாங்கள் இன்னும் கால் வைக்காத பக்கத்தில் ஒரு கீரி போனது. கொஞ்சம் ஓடும், நிற்கும், மண்ணோடு மூக்கை வைக்கும், திரும்பவும் ஓடும். மிதிவெடி வெடிக்க அந்தப் பாரம் காணாது. இந்த மூக்கு எங்களுக்கு உதவாதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அந்த யோசனை முன்னமே ஒருவருக்கு வந்திருக்கிறது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இருந்த பொறியியலாளர் திரிஷாந்த நாணயக்கார, 2008 வாக்கில், பழக்கிய கீரியை ஒரு றோபோவோடு பிணைத்துப் பரிசோதித்தார். சில்லு இல்லை, கால்களால் நடக்கும் றோபோ. வேரும் பற்றையும் உள்ள நிலத்தில் சில்லு சிக்கிவிடும். கீரி மோந்து தேடும். றோபோவை இயக்குகிற ஆள் தூரத்தில் பத்திரமாக இருப்பார்.

என் மனம் றோபோவை விட அந்தப் பிணைப்பில்தான் நின்றது. இறுக்கிக் கட்டினால் கீரி தலையைத் திருப்பி மோந்து பார்க்காது. தளர விட்டால் தன்பாட்டுக்கு ஓடும், நிலம் இடையிடையே விடுபடும். விடுபட்ட ஒரு சாண் நிலம் யாரோ ஒருவருடைய கால்.

விலங்குகளின் நடத்தையை ஆராயும் ஆய்வுகூடங்களிலும், கருவியைப் பிராணிக்குப் பொருத்துவதில் இதே பாடுதான். 1930களில் அமெரிக்காவில் உளவியலாளர் ஸ்கின்னர் ஒரு பெட்டி செய்தார். எலி சின்னத் தடியை அழுத்தினால் தீன் விழும்; ஒவ்வொரு அழுத்தலுக்கும் தாளில் கோடு ஒரு படி ஏறும். கோடு சரிந்து ஏறும் விதத்திலேயே எலி அழுத்தும் வேகமும் அது பழகுவதும் தெரியும். ஆனால் எங்களுக்கு செக்கனுக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுக்கு மேல் கேட்காது; எலிக்கு 80,000 வரை கேட்கும். எங்களுக்குச் சத்தமே இல்லாத, பெட்டியை இயக்கும் மோட்டர் எலியின் காதில் கத்திக்கொண்டிருக்கலாம். பயந்த எலி தடியைத் தொடாது. பார்க்கிறவர் அதற்குப் பழக வரவில்லை என்று எழுதிவிடுவார். கருவி செய்கிறவர் முதலில் அந்தப் பிராணியின் காதோடும் மூக்கோடும் பெட்டிக்குள் இருந்து பார்க்க வேண்டும்.

இன்னொன்று உண்டு, அது நான் பட்டறிந்தது. பயிற்சிக்காக எங்களுக்கு வெற்று மிதிவெடிகளைப் புதைத்து வைப்பார்கள். முதல் கிழமை ஒன்றும் தவறவிடாமல் எடுத்தேன். எல்லாரும் மெச்சினார்கள். நான் பார்த்தது மெசினை அல்ல, புதிதாகக் கிளறிய மண்ணின் நிறத்தை. மிதிவெடி தேடப் பழக்கும் கீரியும் நாயும் எலியும் இதையே செய்யக்கூடும்: வெடிமருந்தை விட்டுவிட்டு, தோண்டிய மண்ணையும் புதைத்தவரின் கை மணத்தையும் பிடித்துக்கொள்ளும்.

பயிற்சி தந்த அண்ணைக்கு விளங்கிவிட்டது. அடுத்த கிழமை வெற்றுக் குழிகளையும் தோண்டி அதேமாதிரி மூடி வைத்தார். அந்தக் கிழமை நான் பாதியைக்கூடக் கண்டுபிடிக்கவில்லை.