மெழுகும் மெழுகுதலும்

‘மெழுகு’ என்னும் சொல் தமிழில் பெயராகவும் வினையடியாகவும் வழங்குகிறது. தேனடையிற் கிடைப்பது மெழுகு. சாணங்கொண்டு தரையைப் பூசுவது மெழுகுதல். மெழுகிய தரை நெடுநாள் நில்லாது. தேயத் தேய மீண்டும் மெழுகவேண்டும். காருக்கு இடும் மெழுகும் அத்தகையதே.

பகாவ், ரந்தாவ் வட்டாரத் தோட்டங்களில் காரின் வண்ணத்துக்குப் பகையாவன வெயில், பறவையெச்சம், செம்மண் புழுதி ஆகியவை. பிரேசில் நாட்டுப் பனையொன்றின் ஓலையிலிருந்து எடுக்கப்படும் கர்னௌபா மெழுகு ஏறத்தாழ 82 பாகை செல்சியசில்தான் உருகும். தேன்மெழுகோ 62 பாகையளவிலேயே இளகிவிடும். ஆயினும் நெகிரி செம்பிலான் வெயிலிலும் மழையிலும் கர்னௌபாவும் சில வாரங்களே தாங்கும். ‘சீலண்ட்’ எனப்படும் செயற்கைப் பூச்சு சில மாதங்கள் நிற்கும். இவ்விரண்டும் நீரை வழிந்தோடச் செய்யும், எச்சம் வண்ணத்தை அரிப்பதைச் சற்றுத் தாமதப்படுத்தும், அவ்வளவே. புழுதியின் கீறலைத் தடுக்கமாட்டா. செம்மண் படிந்த காரை உலர்ந்த துணியால் துடைப்பது மணல்தாளால் தேய்ப்பதற்கு ஒப்பாகும். முதலில் தாராளமாக நீரூற்றிப் புழுதியை அகற்றவேண்டும். அதற்குக் காசு வேண்டியதில்லை.

இக்காலக் கார்களில் நிறத்தின்மேல் ஒளிபுகும் பூச்சொன்று தொழிற்சாலையிலேயே இடப்படுகிறது. வெயிலைத் தாங்குவது பெரிதும் அதுவே. அது உரிந்து, கூரையில் தேமல்போல் வெண்மை படர்ந்துவிட்ட பழைய காருக்கு எம்மெழுகும் மருந்தன்று. மறுபடி வண்ணம் அடிப்பதொன்றே வழி.