கெட்டித்தனத்துக்கு ஒரே தராசா?

முன்பெல்லாம் கடைக்கு ஆள் எடுப்பதற்குத் தெரிந்தவர் ஒருவரின் சிபாரிசு போதும். இப்போது சில முதலாளிமார் வேலை கேட்டு வருபவரிடம் ஒரு தாளை நீட்டுகிறார்கள். ‘ஐகியூ பரீட்சை’ என்கிறார்கள். அப்படியான சில தாள்கள் என் கைக்கும் கிடைத்தன. அநேகமானவை அரச போட்டிப் பரீட்சை வழிகாட்டி நூல்களிலிருந்து போட்டோ கொப்பி எடுத்தவை. இரண்டொன்று இணையத்திலிருந்து இறக்கிய ஆங்கிலத் தாள்கள். அடுத்து வரும் இலக்கம் எது, பொருந்தாத உருவம் எது என்ற வகைக் கேள்விகள். குறித்த புள்ளி கிடைத்தால் வேலை, இல்லாவிட்டால் வந்த பஸ்ஸிலேயே திரும்ப வேண்டியதுதான்.

ஒருவருடைய பிழைப்பை முடிவு செய்யும் காரியம் இது. ஆகவே வளர்ந்தோரின் அறிவாற்றலை அளப்பதற்கென்றே செய்யப்பட்ட பரீட்சைகள் எப்படி அமைந்திருக்கின்றன என்று வியாபாரிகள் அறிந்து வைப்பது நல்லது.

1905இல் பாரிஸில் பினே என்பவர் செய்த பரீட்சை பாடசாலைப் பிள்ளைகளுக்கானது. அது பெரியவர்களுக்குப் பொருந்தாது என்று கண்டவர் நியூயோர்க் பெல்வியூ வைத்தியசாலையின் தலைமை உளவியலாளர் டேவிட் வெக்ஸ்லர். 1939இல் அவர் வெளியிட்ட பரீட்சைதான் திருத்தித் திருத்தி இன்றுவரை பயன்படுகிறது. 2024இல் அமெரிக்காவில் ஐந்தாவது பதிப்பு வந்தது. பயிற்சி பெற்ற உளவியலாளர் ஒருவர் ஒரேயொரு ஆளை முன்னால் இருத்தி, ஒரு மணித்தியாலம் அளவில் செலவிட்டு நடத்துவது அது. கடையில் வாங்கக் கிடைக்காது.

அதற்குள் பல சிறு பரீட்சைகள் உண்டு. ஒன்றில் செக்கனுக்கு ஒன்றாக இலக்கங்களை வாசிப்பார்கள், கேட்டவர் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். வரிசை நீண்டுகொண்டே போகும். பிறகு கடைசியிலிருந்து முதலுக்குச் சொல்லச் சொல்வார்கள். தொலைபேசியில் ஓடர் எடுத்துக்கொண்டே முந்திய விலையையும் மனதில் வைத்திருக்கும் ஊழியருக்கு இந்த ஆற்றல்தான் வேண்டும். இன்னொன்றில் 1 முதல் 9 வரை ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஓர் அடையாளம் தரப்பட்டிருக்கும். 120 செக்கனில் எத்தனை கட்டங்களைப் பிழையின்றி நிரப்புகிறார் என்று பார்ப்பார்கள். அது கையும் கண்ணும் எவ்வளவு வேகம் என்பதைக் காட்டும். சிவப்பு வெள்ளைக் கட்டைகளைப் படத்திலுள்ளபடி அடுக்குவது வேறு, சொற்களுக்குப் பொருள் சொல்வது வேறு. ஒன்றில் முன்னிற்பவர் மற்றதில் பின்னிற்கலாம். மொத்தப் புள்ளியில் 100 என்பது சராசரி. மூவரில் இருவர் 85க்கும் 115க்கும் இடையில்தான் இருப்பர். ஆனால் அந்த ஒற்றை இலக்கத்தை விட உட்பிரிவுகளே ஆளைக் காட்டித் தருகின்றன.

வயது விடயமும் இருக்கிறது. பல்லாயிரம் பேரின் பெறுபேறுகளை ஆராய்ந்து 2015இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வின்படி, வேகம் 18, 19 வயதிலேயே உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. சொல்லறிவோ அறுபதைக் கடந்தும் வளர்கிறது. எனக்குப் பழக்கமான ஹாஜியார் ஒருவர் தன்னுடைய அறுபது வயதுக் கணக்குப்பிள்ளையைப் பற்றி, “மனுசன் இப்ப சரியான ஸ்லோ, ஒரு டெஸ்ட் வெச்சுப் பாப்பமா?” என்று கேட்டார். “யாருக்கு எவ்வளவுக்கு மேல கடன் குடுக்கப்படாதுன்னு ஒங்களுக்குச் சொல்றது யாரு ஹாஜியார்?” என்றேன். “அது அவர்தான்” என்றார். பில் எழுதும் வேலை இப்போது ஒரு பொடியனிடம் போயிருக்கிறது. கடன் புத்தகம் பழைய கையில்தான்.

வேலைக்குச் சம்பந்தமில்லாத பரீட்சை எவ்வளவு தூரம் அநியாயமாகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வழக்கே உண்டு. வட கரோலைனாவில் டியூக் பவர் என்ற மின்சாரக் கம்பனியின் ஆலையொன்றில் கறுப்பினத்தவருக்குக் கூலி வேலை மட்டுமே கிடைத்து வந்தது. பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 1965இல் அமுலுக்கு வந்த அன்றே, நல்ல பிரிவுகளுக்குச் செல்ல பரீட்சை எழுத வேண்டும் என்று கம்பனி விதித்தது. அதிலொன்று 12 நிமிடத்தில் 50 கேள்விகள் கொண்டது. கூலிப் பிரிவைச் சேர்ந்த 13 பேர் வழக்குப் போட்டனர். முன்பு பரீட்சையின்றிச் சேர்ந்தவர்கள் அதே வேலைகளைத் திருப்தியாகச் செய்துகொண்டுதான் இருந்தார்கள். வேலைக்கும் பரீட்சைக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்று 1971இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தமிழில் படித்து வந்த கிண்ணியாப் பொடியனிடம் நம்மவர் ஆங்கிலத் தாளை நீட்டுவதும் ஏறக்குறைய இதே கதைதான். அங்கே அளக்கப்படுவது ஆங்கிலம், மூளையல்ல.

ஆள் தெரிவு முறைகள் பற்றிய பழைய ஆய்வுகளை எல்லாம் மீள நிறுத்துப் பார்த்த 2022ஆம் ஆண்டின் ஆய்வொன்று, எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே ஒழுங்கில் கேட்டுப் புள்ளியிடும் நேர்முகப் பரீட்சையை முதலிடத்தில் வைத்தது. பொது நுண்ணறிவுப் பரீட்சை அதற்குக் கீழேதான் வந்தது. செய்யப் போகும் வேலையையே சிறிதளவில் செய்ய வைப்பதும் நல்ல முறை. களஞ்சியத்துக்கு ஆள் என்றால் மூன்று பிழைகள் வைத்த இன்வொய்ஸ் ஒன்றையும் அதற்குரிய பெட்டிகளையும் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். கவுண்டருக்கு என்றால் பத்துப் பொருள்களை வாயால் சொல்லி எடுத்து வரச் சொல்லுங்கள். வந்த எல்லோருக்கும் அதே பொருள்கள், அதே நேரம். இரண்டு நாள் கடையில் நிற்க வைத்துப் பார்ப்பதென்றால், ஆளை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அந்த இரண்டு நாள் சம்பளத்தைக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.