'குள்ள ரகம்'னு வாங்கின மாங்கன்று மொட்டை மாடியைத் தாண்டுவது ஏன்?

அம்பத்தூர் கள்ளிக்குப்பம் பக்கம் அரை கிரவுண்டில் வீடு கட்டினால், படிக்கட்டும் கார் நிற்கும் இடமும் போக மண் தரையாக மிஞ்சுவது ஒரு ஓரம்தான். அந்த ஓரத்துக்காக நர்சரியில் மாங்கன்று கேட்கிறோம். "குள்ள ரகம் சார், பத்தடிக்கு மேல போகாது" என்று கொடுக்கிறார்கள். ஆறேழு வருடத்தில் மரம் மாடியை எட்டிப் பார்க்கிறது, ஒரு கிளை ஈபி வயரை உரசுகிறது. கடைசியில் ஆள் வைத்து அடியோடு வெட்ட வேண்டியதாகிறது. தப்பு எங்கே?

வேர் குள்ளம் இல்லை

ஆப்பிள் மரத்தைக் குள்ளமாக்குவது அதன் வேர்ச்செடி. இங்கிலாந்தின் ஈஸ்ட் மாலிங் ஆராய்ச்சி நிலையம் தந்த எம்-9 அதற்குப் பிரபலமான உதாரணம். நம் ஊர் மாங்கன்றுகளோ பெரும்பாலும் சாதாரண மாங்கொட்டையில் முளைத்த செடிமேல் ஒட்டுக் கட்டியவை. அம்ரபாலி நிஜமாகவே அடக்கமான ரகம்தான். தசேரியையும் நம்ம நீலத்தையும் கலந்து டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது, 2.5 மீட்டருக்கு ஒன்று என்று நெருக்கி நடலாம். ஆனால் அதையும் சும்மா விட்டால் உயரத்தான் செய்யும். மீதி வேலையைக் கத்தரிதான் செய்ய வேண்டும்.

முதல் வெட்டு

ஆடியில் நட்ட கன்று மழைக்காலத்தில் வேர் பிடித்துவிடும். மழை விட்டதும் தை மாதத்தில், தரையிலிருந்து இரண்டு, இரண்டரை அடியில் நுனியை வெட்டுங்கள். ஒட்டுக்கு மேலே நல்ல தண்டு இருக்க வேண்டும். இலைகள் கொத்தாக நெருங்கி நிற்கும் வளையத்துக்கு மேலே வெட்டினால், ஒரே இடத்திலிருந்து ஐந்தாறு தளிர் கிளம்பி பின்னாளில் பிளக்கும். வளையத்துக்குக் கீழே வெட்டினால் தளிர்கள் இடைவெளி விட்டு வரும். வெவ்வேறு திசையில் போகும் மூன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். அவை ஒன்றரை அடி நீண்டதும் மறுபடி நுனி வெட்டு. ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதைப் பார்த்தவுடனே எடுத்துவிடுங்கள். விட்டால் நீங்கள் காசு கொடுத்த ரகம் போய் கொட்டை மாமரம் மிஞ்சும்.

காய்க்கத் தொடங்கியபின் கவாத்துக்கு நேரம், அறுவடை முடிந்த கையோடு, ஆனி ஆடிக்குள். தள்ளிப்போட்டால் புதுக் கிளை முற்றாது, தையில் பூ வராது. அடைமழையில் கத்தரியைத் தொடாதீர்கள், வெட்டுவாயில் பூஞ்சை ஏறும்.

எந்தப் பக்கம் நடுவது?

பலர் சித்திரை வெயிலைப் பார்த்து இடம் முடிவு செய்கிறார்கள். அப்போது சூரியன் உச்சந்தலையில் இருப்பதால் எல்லாப் பக்கமும் வெயில்தான். பார்க்க வேண்டியது மார்கழி. அப்போது நடுப்பகலிலும் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். 20 அடி உயர வீட்டின் நிழல் வடக்கே சுமார் 15 அடி விழும். பூ பிடிக்கத் தயாராகும் நேரத்தில் மரம் இருட்டில் நிற்கும். அதனால் மாவுக்கு வீட்டின் தெற்கு அல்லது கிழக்கு. வடக்கு ஓரம்தான் மிச்சமென்றால் கறிவேப்பிலை வையுங்கள், மாவுக்கு ஆசைப்படாதீர்கள்.

ரோடு உயர உயர மனை பள்ளமாகிவிட்ட தெருக்களில் ஒரு அடி மேடு கட்டி அதன்மேல் நடுவது நல்லது. சுவர், சம்ப், செப்டிக் டேங்க் மூன்றிலிருந்தும் ஆறடியாவது தள்ளி நிற்கட்டும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் நகரமெங்கும் மரங்கள் சாய்ந்ததைப் பார்த்தவர்களுக்கு, தாழ்ந்த மரத்தின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை.

கொய்யா இன்னும் சுலபம். புதுத் தளிரில்தான் காய்க்கும், எனவே தைரியமாக வெட்டலாம். நெட்டுக்குத்தான கிளையை வளைத்துக் கட்டினாலும் பக்கத் தளிர் வரும். எலுமிச்சைக்குக் காய்ந்ததையும் அடியிலிருந்து கிளம்பும் போத்தையும் எடுத்தால் போதும்.

ஒட்டுக்கன்று நட்ட அடுத்த தையிலேயே பூத்துவிடும். போட்டோ எடுத்து குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டு, பூங்கொத்தைக் கிள்ளி எறியுங்கள். மூன்று வருடம் இப்படித்தான். "பூத்த மரத்துல கை வைக்கிறியே" என்று வீட்டில் பாட்டி திட்டுவார், வாங்கிக்கொள்ளுங்கள்.