சமதரையில் ஒரு பரீட்சை

இறம்பொடையில் சமதரை கிடைப்பது அரிது. றோட்டு வளைந்து வளைந்து ஏறுகிறது, தேயிலை அதற்கும் மேலே ஏறுகிறது, நீர்வீழ்ச்சி மட்டும் இறங்குகிறது. எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினால் விளக்குமாறு தேவையில்லை, தானாகவே ஓடிவிடும். இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. கராத்தே வகுப்பின் இரண்டாவது தரப்படுத்தல் பரீட்சையில் நான் சித்தியடையாமல் போனதற்குப் பாதிக் காரணம் அந்த முற்றம். மற்றப் பாதி நான்.

"கிரேடிங்கில என்ன செய்யச் சொல்லுவாங்க? ஓடு உடைக்கணுமா?" என்று வகுப்புத் தோழியர் கேட்பதுண்டு. எங்கள் வகுப்பில் இதுவரை யாரும் ஓடு உடைத்ததில்லை. அந்தப் பரீட்சையில் உண்மையில் எதைப் பார்க்கிறார்கள், அதற்கு எப்படி ஆயத்தமாவது என்பதை, ஒரு தடவை தோற்றவள் என்ற தகுதியில் எழுதுகிறேன்.

பட்டி முறை கராத்தேக்கு இரவலாக வந்தது. ஜப்பானில் 1882இல் ஜூடோவைத் தொடங்கிய கானோ ஜிகோரோ என்ற கல்வியாளரே மாணவரைத் தரம் பிரிக்கும் இந்த ஒழுங்கை உண்டாக்கினார். ஒகினாவாத் தீவின் கராத்தேயை 1922இல் தோக்கியோவில் அறிமுகம் செய்த ஃபுனாகோஷி கிச்சின் அதைத் தமது மாணவர்களுக்கும் எடுத்துக்கொண்டு, 1924இல் முதன்முதலாகக் கறுப்புப் பட்டி வழங்கினார். இவரும் பாடசாலை ஆசிரியராக இருந்தவர்தான். பரீட்சை வைக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று இப்போது விளங்கியிருக்கும்!

பழகுபவரின் தரத்தை 'கியூ' என்பார்கள். அது ஒன்பது அல்லது பத்தில் தொடங்கி ஒன்றை நோக்கிக் குறைந்து வரும். கறுப்புப் பட்டிக்குப் பின் 'டான்' ஒன்று, இரண்டு என்று கூடிப் போகும். எந்தத் தரத்துக்கு எந்த நிறம் என்பது சங்கத்துக்குச் சங்கம் வேறுபடும். ஆகவே கண்டியில் பழகும் மச்சியின் பட்டியோடு நம் பட்டியை ஒப்பிட்டுக் கவலைப்படுவதில் பயனில்லை. வெள்ளைப் பட்டியைக் கழுவாமல் கட்டியே கறுப்பாக்கினார்கள் என்ற கதையையும் நம்பவேண்டாம். உம்மா அதைக் கேட்டுவிட்டு என் பட்டியை உடனே சவர்க்காரத் தண்ணீரில் போட்டுவிட்டார்.

பரீட்சையில் மூன்று பகுதிகள் உண்டு. முதலாவது கிஹோன், அதாவது அடிப்படை அசைவுகள். பரீட்சகர் ஜப்பானிய மொழியில் எண்ண, ஒவ்வோர் எண்ணுக்கும் ஓரடி முன்னேறிக் குத்தவோ தடுக்கவோ வேண்டும். 'மவாத்தே' என்றால் திரும்ப வேண்டும். கையைப் பார்த்துத்தான் புள்ளி போடுவார்கள் என்று நினைத்திருந்தேன். அவர்கள் முதலில் பார்ப்பது காலை. முன்காலின் முழங்கால் விரல்களுக்கு மேலே வரும்வரை மடங்கியிருக்க வேண்டும், பின்கால் நேராக நிற்க வேண்டும், இரு பாதங்களுக்கும் இடையே தோளகலம் இருக்க வேண்டும். பாதங்கள் ஒரே கோட்டில் வந்துவிட்டால் கம்பியில் நடப்பவரைப் போல உடம்பு ஆடும். இதை வீட்டிலேயே சோதிக்கலாம். குத்திய நிலையில் அப்படியே நின்றுகொண்டு தம்பியைக் கூப்பிட்டுத் தோளில் பக்கவாட்டாகத் தள்ளச் சொல்லுங்கள். தம்பிமார் இந்த வேலையை மிக விருப்பத்தோடு செய்வார்கள்.

அடுத்தது காத்தா. எதிரே ஆள் இல்லாமல், வகுத்து வைத்த அசைவுகளை ஒழுங்காகச் செய்து காட்டுவது. நாங்கள் பழகும் ஷோட்டோகான் முறையில் முதலில் வருவது ஹெய்யான் ஷோடான். ஹெய்யான் வரிசையில் மொத்தம் ஐந்து காத்தாக்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒகினாவாவின் இத்தோசு அங்கோ பாடசாலைப் பிள்ளைகளுக்காக அமைத்தவை. ஷோடானில் 21 அசைவுகள் உண்டு. ஒன்பதாவதிலும் பதினேழாவதிலும் அடிவயிற்றிலிருந்து சத்தமிட வேண்டும். இடப்பக்கம் திரும்பித் தொடங்கி, வலப்பக்கம் போய், முன்னால் மூன்றடி ஏறி, மறுமுனையில் இரு பக்கமும் திரும்பி, மூன்றடி மீண்டு வந்து முடிக்க வேண்டும். முடிக்கும்போது தொடங்கிய அதே இடத்தில் நிற்க வேண்டும்.

நான் நிற்கவில்லை. மண்டபத்தின் சீமெந்துத் தரையில், எல்லோரும் பார்த்திருக்க, ஓரடிக்கு மேல் பின்தள்ளி நின்றேன். எனக்குப் பக்கத்தில் ஏழு வயதுப் பிள்ளையொன்று தொடங்கிய இடத்திலேயே முடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தது. பெறுபேறு வாசித்தபோது அதற்குப் புதிய பட்டி கிடைத்தது. பதினைந்து வயதான நான் பழைய பட்டியோடு பஸ் ஏறினேன். புசல்லாவை தாண்டும் வரை யன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். வீட்டில் வாப்பா கேட்ட முதற் கேள்வி, "மகள், பெய்ல் ஆனா கட்டின காசு திருப்பித் தருவாங்களா?" அவர் பகிடியாகத்தான் கேட்டார். ஆனால் அந்தக் காசு உம்மா உடுப்புத் தைத்துச் சேர்த்தது. இன்னொரு தடவை கேட்க எனக்கு வாய் வரவில்லை. சாதாரண தரப் பரீட்சையும் நெருங்கிக்கொண்டிருந்ததால், நிற்பாட்டிவிடலாம் என்றே இருந்தேன்.

எங்களுக்குப் பழக்கும் அக்கா தோட்டத்து லயத்தில் பிறந்து கறுப்புப் பட்டி வரை போனவர். இரண்டு வாரமாக நான் வகுப்புக்குப் போகாததைக் கண்டு வீட்டுக்கே வந்தார். தேத்தண்ணி குடித்துவிட்டு முற்றத்தில் காத்தாவைச் செய்யச் சொன்னார். தொடங்கும் இடத்தில் ஒரு கல்லை வைத்தார். முடித்துப் பார்த்தால் கல் எனக்கு முன்னால் கிடந்தது. நான் எப்போதும் மேட்டைப் பார்த்துத்தான் தொடங்குவேன். மேட்டில் ஏறும் மூன்றடியையும் உடம்பு தன்பாட்டில் குறுக்கிக்கொள்ளும், பள்ளத்தில் இறங்கும் மூன்றடியை நீட்டிவிடும். மாதக்கணக்கில் இப்படியே பழகி, அந்தச் சரிவைக் காலோடு மண்டபத்துக்கும் கொண்டுபோயிருக்கிறேன். "நீ வேகமாத்தான் செய்ற. அந்த வேகத்துக்குள்ள பிழைய ஒளிச்சு வச்சிருக்க" என்றார் அக்கா.

அதன்பின் எங்கள் ஆயத்தம் பாடசாலை வலைப்பந்தாட்டத் திடலுக்கு மாறியது. அங்கே கோடுகள் இருப்பது பெரும் வசதி. கோட்டில் தொடங்கினால் கோட்டில் முடிகிறதா என்று யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும். முதல் மூன்று கிழமையும் வேகமே கூடாது என்பது அக்காவின் கட்டளை. ஓர் அசைவு, ஒரு மூச்சு, பிறகு காலைக் குனிந்து பார்த்தல். 21 அசைவுக்குப் பத்து நிமிடம் எடுத்தது. தொடையில் வந்த நோவு பரீட்சையின் நோவை மறக்கடித்தது.

இன்னொரு பழக்கமும் பிழையாக இருந்தது. வீட்டில் எப்போதும் மாமரத்தைப் பார்த்தே தொடங்கியதால், மாமரம் இருந்தால்தான் அடுத்த திருப்பம் ஞாபகம் வந்தது. மண்டபத்தில் மாமரம் ஏது? ஆகவே ஒவ்வொரு நாளும் வேறு வேறு திசை பார்த்துத் தொடங்கினேன். எண்ணுவதற்கும் வேறு ஆளை வைத்துக்கொள்ள வேண்டும். நாமே எண்ணினால் உடம்புக்கு வசதியான இடைவெளியில் எண்ணுவோம், பரீட்சகர் அப்படி எண்ணமாட்டார். சில வேளை இரண்டு எண்ணுக்கிடையில் நெடுநேரம் மௌனமாக நிற்பார். யார் எண்ணுக்கு முன்பே அசைகிறார் என்று பார்ப்பதற்காகவே அந்த மௌனம்.

மூன்றாவது பகுதி குமித்தே, இருவர் எதிரெதிரே நிற்பது. எங்கள் தரத்தில் இது சண்டையே இல்லை. ஒருவர் எங்கே குத்தப் போகிறார் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஐந்தடி முன்னேறிக் குத்துவார். மற்றவர் ஐந்து தடவை பின்வாங்கித் தடுத்து, ஐந்தாவதில் திருப்பிக் குத்துவார். குத்து மேலில் படாமல் சற்று முன்பே நிற்க வேண்டும். அதற்காகத் தூரத்தில் நின்று காற்றில் குத்தினாலும் புள்ளி இல்லை, தடுக்காவிட்டால் பட்டிருக்கும் என்ற அளவு வேண்டும். ஒரே தோழியோடு பழகினால் அவளுடைய கையின் நீளம்தான் நமக்குத் தெரியும். உயரமானவர், குள்ளமானவர், பயந்தவர் என்று எல்லோரோடும் நிற்க வேண்டும். பயந்தவரோடு நிற்பதுதான் கடினம், அவர் எப்போது கண்ணை மூடுவார் என்று சொல்ல முடியாது.

உடை பற்றி இங்கே பலர் கேட்கிறார்கள். உலக கராத்தே சம்மேளனம் 2013இல் முக்காட்டுக்கு இடமளித்துவிட்டது. தோக்கியோ ஒலிம்பிக்கில் ஈரான் வீராங்கனைகள் தலையை மூடியே போட்டியிட்டார்கள். பரீட்சைக்குப் போகும்போது ஊசி குத்திய முக்காடு மட்டும் வேண்டாம், ஆபத்து. தலை வழியாகப் போடக்கூடிய, தைத்த ஒன்றாக இருக்கட்டும். நகம் வெட்டியிருக்க வேண்டும், தோடு, வளையல் கழற்றியிருக்க வேண்டும். எங்கள் ஊர்க் குளிரில் வெறுங்காலோடு சீமெந்தில் வரிசையில் காத்திருக்கும்போது தசை இறுகிவிடும். பெயர் கூப்பிடும் வரை சும்மா நிற்காமல் கணுக்காலைச் சுழற்றிக்கொண்டே இருங்கள்.

ஆறு மாதம் கழித்து மறுபடி அதே மண்டபத்துக்குப் போனேன். காசைப் பற்றி வாப்பா ஒன்றும் கேட்கவில்லை, காலையில் மேசைமேல் வைத்திருந்தார். காத்தா முடிந்ததும் பரீட்சகர் என் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்தார், எதையோ எழுதினார். பிற்பகல் பெறுபேற்றில் என் பெயர் இருந்தது.

இப்போது ஹெய்யான் நிடான் பழகுகிறேன், 26 அசைவுகள். திங்களும் புதனும் பாடசாலை விட்டதும் திடலில் இருப்போம். வலைப்பந்தாட்டக் குழுவினர் நாலு மணிக்கு வருவார்கள், அதுவரை கோடுகள் எங்களுடையவை.