அறுபத்தேழில் தொடங்கிய நடை

1955 மே மாதம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து மலையொன்றிலிருந்து எம்மா கேட்வுட் தனியாக நடக்கத் தொடங்கினார். வயது 67, பெற்றது பதினொரு பிள்ளைகள். கூடாரம் இல்லை. காலில் சாதாரண கான்வாஸ் ஷூ, தோளில் தானே தைத்த துணிப்பை, மழைக்குக் குளியலறையில் தொங்கவிடும் பிளாஸ்டிக் திரை. சுமார் 3,300 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பலாச்சியன் மலைப்பாதையை 146 நாளில் முடித்து, மெய்ன் மாநிலத்துக் கட்டாடின் சிகரத்தில் ஏறி நின்றார்.

அபூர்வப் பிறவி என்று அவரை ஒதுக்கிவிடக் கூடாது; வயதான உடலும் பயிற்சியால் தேறும். 1966-இல் டல்லஸ் நகரில் இருபது வயது இளைஞர்கள் ஐவரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்து ஆராய்ந்தார்கள். உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத்திறன் நான்கில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. முப்பது ஆண்டு கழித்து அதே ஐவரைச் சோதித்தபோது, முப்பது ஆண்டு முதுமை செய்த சேதத்தைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதமே பெரிதாக இருந்தது! ஆறு மாதப் பயிற்சியில், ஐம்பது வயதில், படுக்கைக்கு முன்பிருந்த பழைய அளவை எட்டினார்கள். இதயத்தின் உச்சத் துடிப்பு வயதோடு குறைந்ததுதான், அது திரும்பவில்லை. ரத்தத்திலிருந்து ஆக்சிஜனை உறிஞ்சும் திறனைத் தசைகள் கூட்டிக்கொண்டு அந்தக் குறையை ஈடுகட்டின.

ஆகவே வயதான பின் நெடுந்தூரம் நடக்க நினைப்பவர்களுக்கு மூச்சைப் பற்றிய கவலை பெரிதல்ல. என் கவலை எலும்பையும் தசைநாணையும் பற்றியது. புதிய பாரம் விழுந்தால், எலும்பு முதலில் தன் பழைய பகுதியை அரித்து எடுத்துவிட்டு, பிறகுதான் புதியதைக் கட்டும். ஒரு சுற்று முடிய மூன்று, நான்கு மாதம் ஆகும். இடைப்பட்ட வாரங்களில் எலும்பு சற்றுப் பலவீனமாகவே இருக்கும். மூச்சும் தசையும் தேறிவிட்ட தெம்பில் தூரத்தைக் கூட்டுபவர்களுக்குப் பாதத்தில் மயிரிழை முறிவு வருவது இதனால்தான். ரத்த ஓட்டம் குறைந்த தசைநாண்களும் மெல்லத்தான் வலுப்பெறும்.

இறக்கமும் ஏமாற்றும். மூச்சு வாங்காது, ஆனால் தொடைத்தசை நீண்டுகொண்டே பாரம் தாங்குவதால் நுண்ணிய காயங்கள் உண்டாகின்றன. சில முறை பழகிவிட்டால் அதே இறக்கம் அவ்வளவு வலிப்பதில்லை. முதுமையில் தாக உணர்வும் மங்கும் என்பதால், தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காமல் அவ்வப்போது தண்ணீர் குடிக்க வேண்டும்.

எம்மா புறப்படும் முன் தெருவைச் சுற்றி நடந்து, சிறிது சிறிதாகக் கூட்டி, தினம் 16 கிலோமீட்டர் வரை வந்திருந்தார். அவருடைய பை பெரும்பாலும் 9 கிலோவுக்குள்தான்.

நீங்களும் அப்படியொரு நடைப்பயணம் போக நினைத்தால், 'இந்த வயசுல எதுக்கு?' என்று வீட்டில் கேட்பார்கள். நீங்கள் மருத்துவரிடம் இதயத்தையும் ரத்த அழுத்தத்தையும் காட்டிக்கொள்ளுங்கள். பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பே, வெறும் தோளோடு நடக்கத் தொடங்குங்கள். பையை அப்புறம் மாட்டிக்கொள்ளலாம்.