செக்ரோல் மாறினால் ஆள் மாறும்

பெர்ணம் ஆற்றங்கரை ஊரான ஹுத்தான் மெலிந்தாங்கில், ஒரு செம்பனை ஆலையின் லாரி எடைமேடைக் கணினியில் ஓடும் நிரல் நடு இரவில் தடுமாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை எழுதியவர் ஈப்போவில் இருக்கிறார். அவர் தெலுக் இந்தான் வழியாக வந்து சேர்வதற்குள் குலை ஏற்றிய லாரிகள் வாசலில் வரிசை கட்டிவிடும். எனவே வீட்டிலிருந்தபடியே இணையம் வழியாக ஆலைக் கணினிக்குள் நுழைகிறார். தொடர்பு கிடைக்கிறது, நிரலும் பிடிபடுகிறது. திரையிலோ வெறும் எண்கள். ‘இந்த வரியில் நில்’ என்று அவர் வைத்த பிரேக்பாயிண்டின் சிவப்புப் புள்ளி வெற்று வளையமாகிவிட்டது. சிம்பல் ஏறவில்லையாம்.

அது என்ன சிம்பல்? ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்வது எளிது. பால்மரத்துக்குத் தன்னை வெட்டுபவர் பெயர் தெரியாது. தெரியாமலே பால் வடியும். எந்த நிரையில் யார் என்பது ஆபீஸில் எழுத்தரான கிராணியின் செக்ரோல் என்ற ஆள் பதிவேட்டில் இருக்கும். நிரலும் அப்படித்தான். நாம் ‘எடையைக் கணக்கிடு’ என்று பெயரிட்டு எழுதுகிறோம். கம்பைலர் அதை எந்திர மொழிக்கு மாற்றும்போது பெயர்கள் தேவையற்றுப் போகின்றன; நினைவக முகவரிகள் போதும். எந்த முகவரி எந்தப் பெயருக்கு, மூலநிரலின் எந்த வரிக்கு உரியது என்ற பதிவேடுதான் சிம்பல் கோப்பு. விண்டோஸில் அது பிடிபி என்ற தனிக் கோப்பு. லினக்ஸில் நிரலுக்குள்ளேயே இருக்கும். இடத்தை மிச்சப்படுத்த அதை உரித்துவிட்டு அனுப்புவதே வழக்கம்.

போன மாதச் செக்ரோலை வைத்து இந்த மாதப் பெரட்டில் பெயர் கூப்பிட்டால் என்ன ஆகும்? இல்லாதவருக்குப் பேர் போடுவோம், வேலை செய்தவரை விட்டுவிடுவோம். பொருந்தாத சிம்பலும் இதையே செய்கிறது. சிம்பல் இல்லாததைவிட இது மோசம், ஏனென்றால் திரை நம்பும்படியாகப் பொய் சொல்லும். அதனால்தான் நிரலிலும் பிடிபியிலும் ஒரே 128 பிட் அடையாள எண் பதிக்கப்படுகிறது. லினக்ஸில் இதுபோன்ற எண்ணுக்குப் பில்டு ஐடி என்று பெயர். கோப்பின் பெயர் ஒன்றாக இருந்தும் எண் வேறானால், பிழை தேட உதவும் கருவியான டிபக்கர் ஏற்காது. “ஒரு எழுத்துகூட மாற்றவில்லையே, மறுபடி கம்பைல்தானே செய்தேன்!” என்று பலர் புலம்புவது இங்கேதான். விண்டோஸில் மறுபடி கம்பைல் செய்தாலே வழக்கமாகப் புது எண் விழும்.

அடுத்த குழப்பம், கோப்பு எந்தக் கணினியில் இருக்க வேண்டும் என்பது. விஷுவல் ஸ்டூடியோவில் சி++ நிரலென்றால் பிடிபி ஈப்போ மேசையில் இருக்க வேண்டும். டாட்நெட் நிரலைத் தொலைவிலிருந்து ஆராயும்போது அதை ஆலைக் கணினியில் வைக்கச் சொல்வார்கள். இது தெரியாமல் தப்பான பக்கம் தேடி விடிந்த இரவுகள் எத்தனையோ! லினக்ஸில் குழப்பம் குறைவு. ஆலைப் பக்கம் டிபக்கரின் துணையாக ஓடும் ஜிடிபி சர்வருக்குப் பெயர்களே வேண்டாம், உரித்த நிரல் போதும். உரிக்காத பிரதி இந்தப் பக்கம் இருக்க வேண்டும், துணை நூலகங்களின் பிரதிகளும்தான். நிரலை மட்டும் கொண்டுவந்து நூலகங்களை மறப்பவர்களே அதிகம்.

அங்கே ஓடுவதும் நம்மிடம் இருப்பதும் ஒன்றேதானா என்ற இந்தக் கேள்வி செவ்வாய்க் கிரகம்வரை போயிருக்கிறது. 1997 ஜூலை 4-இல் அங்கே இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலத்தின் கணினி, சில நாட்களில் தானாகவே மறுதொடக்கம் ஆகத் தொடங்கியது. பொறியாளர்கள் அதே மென்பொருளைப் பூமியில் இருந்த மாதிரிக் கலத்தில் ஓட்டித் தடம் பார்த்தார்கள். முன்னுரிமை குறைந்த வானிலைப் பணி ஒரு பூட்டைப் பிடித்திருக்க, முக்கியப் பணி அதற்காகக் காத்திருந்தது. இடைப்பட்ட பணிகள் வானிலைப் பணியை முடிக்க விடவில்லை. வேலை நேரத்துக்கு முடியாததால் கணினி தன்னையே மறுபடி தொடங்கிக்கொண்டது. பூட்டின் ஓர் அமைப்பை மாற்றினால் போதும். கலத்திலேயே இருந்த கட்டளைத் திரையில் பூமியிலிருந்து தட்டச்சு செய்தே இதைச் சரிசெய்தார்கள் என்று சுவையான கதை உலவுகிறது. மென்பொருள் குழுத் தலைவர் க்ளென் ரீவ்ஸ் அதை மறுத்து எழுதினார்: மேலே இருப்பதற்கும் பூமியில் திருத்தியதற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் அனுப்பினார்களாம். வித்தியாசத்தை அனுப்ப, மேலே இருப்பது எது என்று துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டுமே!

ஈப்போக்காரருக்கு இப்போது வேண்டியது ஆலையில் நிறுவிய அன்றைய பில்டின் பிடிபி. டிபக்கரின் மாட்யூல் பட்டியலைத் திறந்து, அது எந்தெந்தக் கோப்புறையில் தேடியது, எதை ஏன் நிராகரித்தது என்று பார்த்தால் வழி தெரியும். கோப்பு கிடைத்துவிட்டால் வளையம் நிரம்பிச் சிவக்கும். அடுத்த லாரி மேடை ஏறியதும் நிரல் அந்த வரியில் நிற்கும். நிரல் நின்றால் எடையும் நிற்கும், பின்னால் வரும் லாரி ஓட்டுநர் ஹாரனை விடமாட்டார். அதனால் விவரமானவர்கள் ஓடும் நிரலை அப்படி நிறுத்திவைப்பதில்லை. நினைவகத்தை அப்படியே படியெடுத்துத் தங்கள் கணினிக்குக் கொண்டுவந்து, சாவகாசமாகத் திறக்கிறார்கள். திறந்ததும் டிபக்கர் கேட்கும் முதல் கேள்வி, பிடிபி எங்கே?