குலை போகிறது, கணக்கு கூடப் போகிறதா?

செம்பனை வெட்டுகிறவர்களுக்குத் தெரிந்த சங்கதிதான். குலையைப் பிளாட்பாரத்தில் அடுக்கியதும், காம்பில் வெட்டியவரின் நம்பரை எழுதிவிடுவார்கள். பழுக்காத குலை வந்தால், யார் வெட்டியது என்று கிராணியார் உடனே சொல்லிவிடுவார். தோட்டமும் ஆலையும் ஒரே கம்பெனியாக இருந்துவிட்டால் கணக்கும் ஒன்றுதான்.

சிக்கல் தோட்டத்து வேலிக்கு வெளியே இருக்கிறது. ஐந்து ஏக்கர் வைத்திருக்கும் சிறுதோட்டக்காரர் இந்த மாதம் ஒரு வியாபாரிக்குக் குலை கொடுப்பார். விலை நன்றாக இருந்தால் அடுத்த மாதம் வேறொருவருக்கு. வியாபாரியும் அப்படித்தான். ஓர் ஆலையில் லோரி வரிசை நீண்டால் இன்னோர் ஆலைக்குத் திருப்பிவிடுவார். வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறும், தரம் கெடும். யார்தான் காத்திருப்பார்கள்? ஆலையில் எல்லார் குலையும் ஒன்றாக வேகும். அதன்பின் யார் பழம் எது என்று எந்தக் கெட்டிக்காரராலும் சொல்ல முடியாது.

முன்பு யாரும் இதை அதிகம் கேட்கவில்லை. இப்போது கேட்கிறார்கள். மலேசியாவில் எம்.எஸ்.பி.ஓ. சான்றிதழ் 2020 ஜனவரி முதல் கட்டாயமானது. 2020 இறுதிக்குப் பிறகு காடழித்த நிலத்து எண்ணெய் உள்ளே வரக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் சட்டம் போட்டது. நிலம் எங்கே இருக்கிறது என்ற வரைபடக் குறியும் வேண்டுமாம். 4 ஹெக்டர், அதாவது ஏறக்குறைய 10 ஏக்கர் வரை ஒரு புள்ளி போதும். அதற்கு மேலென்றால் எல்லை முழுவதும் காட்டவேண்டும். சட்டம் அமலாகும் நாள் ஒருமுறைக்கு மேல் தள்ளிப்போனது உண்மை. நாள் தள்ளிப்போனதால் கேள்வி போய்விடாது.

இதற்குக் கம்ப்யூட்டர் வேண்டும்தான். ஆனால் ஆலைக்கு ஒரு முறை என்று வைத்துக்கொண்டால், வியாபாரி ஒரே விவரத்தை நான்கு விதமாக எழுதவேண்டி வரும். ஒருவர் அடையாள அட்டைப் பெயரை எழுதுவார், ஒருவர் கூப்பிடும் பெயரை எழுதுவார். ஓரிடத்தில் ஏக்கர், இன்னோரிடத்தில் ஹெக்டர். கம்ப்யூட்டர் ஓர் ஆளை இரண்டு ஆளாக்கிவிடும். விலை உயர்ந்த இயந்திரம் பிறகு வரட்டும். எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒரே எழுத்துமுறைதான் முதலில் தேவை. நல்ல வேளையாக மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் உரிம எண் ஏற்கெனவே இருக்கிறது. குலை விற்க அது வேண்டும். அதையே எல்லாரும் பிடித்துக்கொண்டால், வியாபாரி மாறினாலும் ஆள் மாறமாட்டார்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. நிலத்தின் விவரத்தை வியாபாரி தன் கைத்தொலைபேசியில் பதிந்து, தானே வைத்துக்கொண்டால் அது யாருக்குச் சொந்தம்? விலை பிடிக்காமல் வேறிடம் போக நினைப்பவர், விவரம் கையில் இல்லாமல் அங்கேயே நிற்கவேண்டி வரும். முன்பணம் வாங்கிக் கட்டுப்பட்ட காலம் போய், கணக்குக்குக் கட்டுப்படும் காலம் வந்துவிடும்.

ஆகவே, பதிவெடுக்க வருகிறவரிடம் ஒரு நகல் கேட்டு வாங்குங்கள். நிலப்பட்டா இருக்கும் பெட்டியிலேயே அதுவும் இருக்கட்டும். எடைச்சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். தேதி, எடை, உரிம எண் மூன்றும் சரியா என்று லோரி கிளம்புமுன் பாருங்கள். கண் தெரியவில்லை என்றால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.